பாய்காட்: 'புறக்கணிப்பு' என்ற சொல் போதுமா?

அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பேச்சுப் போட்டிக்கு அமெரிக்கக் கறுப்பினப் போராளி ரோசா பார்க்ஸ் பற்றிப் பேச வேண்டும் என்று ஒரு தமிழ்க் கட்டுரையை அச்செடுத்து வந்திருந்தாள். சத்தமாகப் படித்துக்கொண்டே போனவள் ஒரு வரியில் நின்றுவிட்டாள். "மான்ட்கோமரி நகரக் கறுப்பின மக்கள் ஓராண்டுக்கும் மேலாகப் பேருந்துகளைப் புறக்கணித்தார்கள்."

"சித்தி, பஸ்ஸைப் புறக்கணிச்சாங்கன்னா என்ன? கண்டுக்காம விட்டாங்களா? அதுல என்ன போராட்டம் இருக்கு?"

அவளுக்குத் தெரிந்த புறக்கணிப்பு வேறு. பெற்றோரைப் பிள்ளைகள் புறக்கணிப்பது, ஊர்க் குளத்தை அதிகாரிகள் புறக்கணிப்பது. அந்தப் பொருளை வைத்துக்கொண்டு அந்த வரியைப் படித்தால் எதுவும் புரியாது. தவறு அவளுடையது இல்லை. ஆங்கிலத்தில் பாய்காட் என்று வந்தவுடன் யோசிக்காமல் 'புறக்கணிப்பு' என்று போட்டுவிட்டுப் போகும் நம் பழக்கத்துடையது. எத்தனையோ மொழிபெயர்ப்புகளில் இதைப் பார்த்துச் சலித்திருக்கிறேன். ஒரு பிள்ளையின் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் சொல்லின் பிறப்பு. பாய்காட் என்பது ஓர் ஆளின் பெயர். சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட், அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் எர்ன் பிரபுவின் நிலங்களுக்கு முகவராக இருந்தவர். 1880இல் குத்தகையைக் குறைக்கச் சொல்லிக் குடியானவர்கள் கேட்டார்கள். கேட்ட அளவு குறைக்காமல், வெளியேற்றும் நோட்டீசு அனுப்பினார். அதே செப்டம்பரில்தான் நில உரிமைச் சங்கத் தலைவர் பார்னெல், எனிஸ் ஊர்க் கூட்டத்தில், வெளியேற்றப்பட்டவரின் நிலத்தை எடுப்பவரோடு யாரும் எந்த உறவும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று பேசியிருந்தார். ஊர் அதைப் பாய்காட்டின் மேல் செய்து காட்டியது. வயலாட்கள் வேலையை விட்டு நின்றார்கள். கொல்லர் வரவில்லை, துணி வெளுக்க ஆளில்லை, பக்கத்து ஊர்க் கடைக்காரர் சாமான் தரவில்லை. கடைசியில் வடக்கிலிருந்து சுமார் 50 பேரைக் கொண்டுவந்து, அவர்களுக்குக் காவலாகச் சுமார் 1,000 சிப்பாய்களையும் போலீசாரையும் நிறுத்தி விளைச்சலை எடுத்தார்கள். சுமார் 500 பவுண்டு பெறுமானமுள்ள விளைச்சலுக்கு ஆன செலவு ஏறக்குறைய 10,000 பவுண்டு. டிசம்பர் மாதம் பாய்காட் அயர்லாந்தைவிட்டே போய்விட்டார்.

அந்த ஊர்ப் பாதிரியார் ஓமாலி. ரெட்பாத் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் அவரோடு பேசிக்கொண்டிருந்தபோது, இந்தச் செயலுக்கு என்ன பெயர் வைப்பது என்ற பேச்சு வந்தது. ஆங்கிலத்தில் இதற்கு ஒரு கிரேக்க வழிச்சொல் ஏற்கெனவே இருந்தது. அது குடியானவர்களுக்குப் புரியாதே என்றார் ரெட்பாத். பாதிரியாரும் ஆமோதித்தார். பிறகு, அந்த ஆளின் பெயரையே வினையாக்கிவிட்டால் என்ன என்று கேட்டார். ரெட்பாத் எழுதிவைத்த செய்தி இது. படித்தவர்களுக்குத் தெரிந்த சொல் கையில் இருந்தும், வயலில் நிற்கிறவருக்குப் புரிய வேண்டுமே என்று தேடிய சொல் இது. தமிழில் இதற்குச் சொல் தேடும்போது எனக்கும் அதுதான் அளவுகோல்.

சரி, தமிழில் என்ன நடந்தது? 1905 சுதேசி இயக்கக் காலம் முதல் 'பகிஷ்காரம்' புழங்கியது. அந்நியத் துணி பகிஷ்காரம், சைமன் கமிஷன் பகிஷ்காரம் என்று எழுதினார்கள். வடசொல் குறைந்தபோது 'புறக்கணிப்பு' அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. வடமொழியில் பஹிஸ் என்றால் வெளியே, புறம். பகிஷ்காரம் என்றால் புறத்தே தள்ளுதல். புறக்கணித்தலோ புறமாகக் கணித்தல், கணக்கில் சேர்க்காமல் விடுதல். முதற்பாதி இரண்டிலும் ஒன்றுதான். ஆக, பழைய சொல்லின் முதுகிலேயே புதிய சொல்லை ஏற்றியிருக்கிறார்கள். செயலைப் பார்த்துப் பெயர் வைக்கவில்லை.

'புறக்கணிப்பு' என்னும் சொல்லின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது நல்ல தமிழ்ச்சொல், அதற்கென்று வேலை இருக்கிறது. வலியவன் எளியவனைக் கண்டுகொள்ளாமல் விடுவதைச் சொல்ல அதைவிடக் கூர்மையான சொல் நம்மிடம் இல்லை. அதனால்தான் அதை இங்கே இழுத்துவரக் கூடாது என்கிறேன். நம் செய்தித்தாள்களில் வாரம் ஒருமுறையாவது இப்படி ஒரு செய்தி வரும்: சாலை, குடிநீர் வசதி செய்து தராமல் அரசு தங்களைப் புறக்கணிப்பதாகக் கூறி, ஊர் மக்கள் தேர்தலைப் புறக்கணிக்க முடிவு. அரசு செய்த குற்றத்துக்கும் மக்கள் எடுத்த ஆயுதத்துக்கும் ஒரே பெயர்! பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக 2024 மக்களவைத் தேர்தலில் ஏகனாபுரம் மக்கள் வாக்களிக்காமல் இருந்தார்கள். தேர்தல் பொருட்டில்லை என்று விட்டவர்களா அவர்கள்? தங்கள் வாக்கு எவ்வளவு பெறும் என்று அறிந்துதான் அதைப் போட மறுத்தார்கள். 'புறக்கணித்தார்கள்' என்று எழுதும்போது, அக்கறை இல்லாமல் வீட்டில் இருந்துவிட்டதைப் போல ஒரு நிழல் விழுகிறது.

விளையாட்டுப் பக்கத்தில் அதே சொல்லுக்கு அணியில் சேர்க்காமல் விட்டது என்று பொருள். சட்டப் பேச்சில் இன்னொன்று. 2015இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது, பட்டியல் சாதியினர் மீதும் பழங்குடியினர் மீதும் சமூகப் புறக்கணிப்பு, பொருளாதாரப் புறக்கணிப்பு விதிப்பதைக் குற்றமாகச் சேர்த்தார்கள். ஒரு குடும்பத்துக்குக் கடையில் சாமான் கொடுக்காதே, தண்ணீர் எடுக்க விடாதே என்று ஊர் கட்டுப்பாடு போடுகிறதே, அது. மக்கள் வாயில் அதற்கு 'ஊர் விலக்கம்', 'தள்ளிவைப்பது' என்று தெளிவான பெயர்கள் இருக்கின்றன. அவற்றை எழுத்தில் கொண்டுவராமல், அதற்கும் புறக்கணிப்பு, மான்ட்கோமரிக்கும் புறக்கணிப்பு என்று எழுதினால் கொடுமையும் போராட்டமும் ஒரே உருவில் தெரியும்.

ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் ஒரே சொல்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்தச் சிக்கலை உணர்ந்தவர்களில் ஒருவர், மான்ட்கோமரிப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய மார்ட்டின் லூதர் கிங். போராட்டம் தொடங்குவதற்கு முன்பே 'பாய்காட்' என்ற சொல் அவரை உறுத்தியது. கறுப்பர்களைப் பணிய வைக்க வெள்ளையர் அமைப்புகள் கையாண்டதும் இதே முறைதானே என்று கலங்கினார். யோசித்து யோசித்து, நாம் செய்வது ஒரு தீய ஏற்பாட்டுக்குக் கொடுத்துவந்த ஒத்துழைப்பைத் திரும்பப் பெறுவது என்று தெளிந்தார். அதன்பின் அந்தச் சொல்லை அரிதாகவே பயன்படுத்தியதாகப் பின்னாளில் எழுதினார். நம் நாட்டுக்காரருக்கு இது புதிதா? ஒத்துழையாமை! அந்தச் சொல்லின் அச்சைக் கவனித்துக்கொள்ளுங்கள், அதற்கு மறுபடி வருவேன்.

இன்னொரு மொழிபெயர்ப்பு இதைவிட மோசம்: 'தடை'. சல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த கையோடு, 2017 மார்ச் 1 முதல் பெப்சியும் கோக்கும் விற்பதில்லை என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அறிவித்தன. உடனே பேச்சிலும் எழுத்திலும் "தமிழ்நாட்டில் பெப்சி, கோக்குக்குத் தடை". வணிகர்கள் எதைத் தடை செய்ய முடியும்? தடை மேலிருந்து வருவது, அரசாணையும் அபராதமும் உள்ளது. பெட்டிக்கடைக்காரர் தன் குளிர்பெட்டியைக் காலி செய்துவிட்டு "அண்ணே, நாங்க இப்ப அத வைக்கிறதில்ல" என்று சொன்னது அவர் முடிவு. வரும் லாபத்தை வேண்டாம் என்று விட்டிருக்கிறார். அதைத் 'தடை' என்று எழுதுகிறவர் அந்த முடிவை அவரிடமிருந்து பிடுங்கி அரசுக்குக் கொடுத்துவிடுகிறார். 'விலக்கு' என்று எழுதுவோரும் உண்டு. மதுவிலக்கு, வரிவிலக்கு, ஊர் விலக்கு என்று அந்தச் சொல் ஏற்கெனவே மூன்று வேலை பார்க்கிறது, நான்காவது சுமையை அதன் தலையில் வைக்க வேண்டாம்.

இலங்கைத் தமிழில் 'பகிஷ்கரிப்பு' இன்றும் உயிரோடு இருக்கிறது. வேலைநிறுத்தத்தைப் பணிப்பகிஷ்கரிப்பு என்பார்கள். 1931இல் அரசாங்க சபைத் தேர்தலை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் அழைப்பை ஏற்று வடக்கில் நான்கு தொகுதிகள் விட்டுவிட்டன, அங்கே வேட்புமனுவே தாக்கலாகவில்லை. அதையும் பகிஷ்கரிப்பு என்றே எழுதுகிறார்கள். ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும்: கண்டுகொள்ளாமல் விடுவதோடு அது குழம்பாது. அந்த வகையில் நம் புறக்கணிப்பைவிட மேல். ஆனாலும் என்னால் அதை எடுத்துக்கொள்ள முடியவில்லை. அம்பேத்கர் 1924இல் தொடங்கிய சபையின் பெயர் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை, 1927இல் தொடங்கிய இதழ் பகிஷ்கிருத பாரத். சாதி வெளியே தள்ளிய மக்களின் பெயர் அது. அந்தக் காயம் சுமந்த சொல்லை எடுத்து ஒடுக்கப்பட்டோர் போராட்டத்துக்குப் பெயராக வைக்க மனம் வரவில்லை.

அப்படியானால் என்ன சொல்வது? மான்ட்கோமரிக்கே போவோம். 1955 டிசம்பர் 1 மாலை, பஸ்ஸில் வெள்ளைக்காரர் ஒருவருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்ததற்காக ரோசா பார்க்ஸ் கைதானார். அன்றிரவு ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை, பெண்கள் அரசியல் மன்றத்தின் தலைவி, தான் வேலை பார்த்த கல்லூரியின் படிப்பெருக்கி இயந்திரத்தில் விடிய விடியப் பல்லாயிரம் துண்டறிக்கைகளை ஓட்டினார். ஒரு தாளில் மூன்று அறிக்கை, பிறகு வெட்டிப் பிரிப்பது. கூட ஒரு சக ஆசிரியர், இரண்டு மாணவர்கள். அந்தத் துண்டறிக்கையில் பாய்காட் என்ற சொல்லே இல்லை. திங்கட்கிழமை வேலைக்கோ கடைவீதிக்கோ பள்ளிக்கோ எங்கேயும் பஸ்ஸில் ஏறாதீர்கள் என்றுதான் இருந்தது. ஏறாதீர்கள். யாருக்கும் அகராதி தேவைப்படவில்லை. பயணிகளில் ஏறக்குறைய முக்கால் பங்கு கறுப்பின மக்கள்தான். டிசம்பர் 5 காலையில் பஸ்கள் காலியாக ஓடின. 381 நாள் ஏறவில்லை. நடந்தார்கள், முந்நூறு கார்கள் வரை சேர்த்து முறைபோட்டு ஓட்டினார்கள். ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரம்மா பெண்களைச் சேர்த்துக்கொண்டு கோழிக்கறியும் கேக்கும் விற்றுப் பணம் திரட்டிக் கொடுத்தார். பழைய பாய்காட் தடுப்புச் சட்டம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்துக் கிங் உட்பட எண்பதுக்கும் மேற்பட்டோர் மேல் அலபாமாவில் குற்றம் சாட்டினார்கள். 'பேருந்துகளைப் புறக்கணித்தார்கள்' என்ற இரண்டு சொல்லில் இதில் எது தெரிகிறது?

நமக்கு ஒரு பழைய அச்சு இருக்கிறது. 1928இல் குஜராத்தின் பர்தோலியில் விவசாயிகள் நடத்திய போராட்டத்தைப் பற்றி எழுதும்போது 'வரிகொடா இயக்கம்' என்கிறோம். வரிப் புறக்கணிப்பு என்று எவரும் எழுதுவதில்லை. கொடா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், செல்லாக் காசு என்பதில் வரும் 'செல்லா' போல. ஒத்துழையாமையும் இதே எதிர்மறை அச்சில் வார்த்ததுதான். எதைச் செய்ய மாட்டோம் என்பது சொல்லுக்குள்ளேயே நிற்கிறது. அதே அச்சில் பேருந்து ஏறாப் போராட்டம், வாங்கா இயக்கம், விற்காப் போராட்டம், வாக்களியாப் போராட்டம். எல்லாவற்றுக்கும் பொதுவான பெயர் வேண்டுமென்றால் 'மறுப்புப் போராட்டம்'. மறுப்பில் எதிரே ஒருவர் இருக்கிறார், அவரிடம் ஒரு கோரிக்கை இருக்கிறது, அது நிறைவேறினால் மறுப்பு முடியும். புறக்கணிப்புக்கு அந்த முடிவு கிடையாது.

நீளம் என்பார்கள். 'கடையடைப்பு', 'கள்ளுக்கடை மறியல்', 'வெளிநடப்பு' எல்லாம் பிறந்தபோது அப்படித்தான் இருந்திருக்கும். நம் போராட்டச் சொற்கள் எல்லாமே உடம்பு செய்யும் காரியத்தைச் சொல்பவை: அடைப்பது, மறிப்பது, நடப்பது. அந்த வரிசையில் பாய்காட்டுக்கு மட்டும் ஏன் மனநிலையைச் சொல்லும் ஒரு சொல்? புறக்கணிப்பு ஊன்றிவிட்டது, இனி மாற்ற முடியாது என்பவர்களுக்கு: பகிஷ்காரமும்தான் ஊன்றியிருந்தது.

அக்கா மகள் கொண்டுவந்த கட்டுரையின் கடைசிப் பத்தியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இன்றைய அமெரிக்காவில் சாதாரண மக்கள் எப்படி அரசியல் செய்கிறார்கள் என்று அது சொல்ல வந்தது. "அடிமட்டச் செயல்பாட்டாளர்கள் தங்கள் சட்டமியற்றுபவர்களை அழைக்கிறார்கள்" என்று இருந்தது. அடிமட்டம் என்றால் நம் ஊரில் தரக்குறைவு என்றும் காதில் விழும். தெருவில் நிற்கும் மக்களுக்கா அந்த அடைமொழி? 'ஊர்மட்டம்' என்று சொல்லலாமே. அப்புறம் அந்த 'அழைக்கிறார்கள்'. அழைப்பது கல்யாணத்துக்கு, விருந்துக்கு. அங்கே நடப்பது, தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போன் போட்டு, நான் இந்தத் தொகுதிக்காரி, இந்த மசோதாவுக்கு எதிராக வாக்களியுங்கள் என்று சொல்வது. எடுக்கும் ஊழியர் ஆதரவு, எதிர்ப்பு என்று குறித்துக்கொள்வார். 'போன் போட்டு வற்புறுத்துகிறார்கள்' என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? மூலத்தில் உள்ள சொல்லுக்கு நேரே ஒரு சொல் வைத்தால் வேலை முடிந்தது என்று நினைக்கும் மொழிபெயர்ப்பாளர்கள், அந்தக் காரியம் நடக்கும் இடத்தில் ஒரு நிமிடம் போய் நிற்பதே இல்லை.

அவளுடைய தாளில் பென்சிலால் அடித்து மேலே எழுதிக் கொடுத்தேன். அவள் அதையும் அடித்துவிட்டு, தனக்கு வரும்படி மாற்றிக்கொண்டாள்: "381 நாள் அவர்கள் பஸ்ஸில் ஏறவில்லை. உட்கார இடம் கொடுக்கும்வரை ஏற மாட்டோம் என்றார்கள்."