ராத்திரி தூங்கினீர்களா, ஆச்சி?

சித்திரை, வைகாசியில் என்னிடம் வைத்தியத்துக்கு வரும் வயதானவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். வெயிலில் அலைந்தீர்களா என்பதெல்லாம் அப்புறம்.

போன கோடையில் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சியை அழைத்து வந்தார்கள். தலைசுற்றல், நடையில் தள்ளாட்டம், இரண்டு நாளாகச் சிறுநீரும் குறைவு. வெயில் நேரத்தில் அவர் வாசல்படியே தாண்டவில்லை. "தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டேன். "தாகமே எடுக்கலையே தம்பி" என்றார். வயது ஏற ஏறத் தாகம் மங்கிவிடும். போதாததற்கு அவர் சாப்பிட்டது நீரைப் பிரித்து வெளியேற்றும் பிரஷர் மாத்திரை. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். குரங்குத் தொல்லைக்காக முற்றத்துக்கு மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டு அடைத்தாகிவிட்டது. படுக்கை, மாடியில் புதிதாகக் கட்டிய கான்கிரீட் அறையில். இரவெல்லாம் புழுக்கம்.

பகலில் சூடேறிய தரையும் சுவரும் இரவில் அந்தச் சூட்டை வானத்துக்கு விட்டுவிட வேண்டும். நிலக்கரியும் பெட்ரோலும் டீசலும் எரித்து நாம் காற்றில் சேர்த்த கார்பன் டை ஆக்சைடு அதில் ஒரு பங்கைப் பிடித்துக் கீழேயே திருப்பிவிடுகிறது. தொழிற்சாலைகள் பெருகும் முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் 280 பங்காக இருந்த அது, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. 2024-இல் உலகின் சராசரி வெப்பம் தொழிற்சாலைகளுக்கு முந்தைய காலத்தைவிட ஏறத்தாழ 1.5 டிகிரி கூடுதல். ஒன்றரை டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். ஈரக்காற்றில் வியர்வை காயாது, உடம்பு குளிராது. அதே ஈரம்தான் ஐப்பசியில் ஒரே நாளில் கொட்டித் தீர்க்கிறது. மழைநீரைக் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்து கிடந்தால் அந்தத் தண்ணீர் ஊரணிக்கும் போய்ச் சேராது.

பகல் முழுக்கத் தோலுக்கு ரத்தத்தை இறைத்துச் சூட்டை வெளியேற்றும் இதயத்துக்கு இரவில்தான் ஓய்வு. அந்த ஓய்வு நாலைந்து நாள் கிடைக்காவிட்டால், வீட்டுக்குள் இருப்பவரும் விழுவார்.

பேச்சு குழறினாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மாத்திரையை நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம். பங்குனியிலேயே மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

ஆச்சி இப்போது கீழே, முற்றத்தை ஒட்டிய பட்டாலையில் படுக்கிறார். ஷீட்டை எடுத்துவிட்டுக் கம்பிவலை போட்டிருக்கிறார்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் போனில் "சாப்பிட்டீங்களா" என்று கேட்கும்போதே, ராத்திரி தூக்கம் வந்ததா, சிறுநீர் சரியாகப் போகிறதா என்றும் கேளுங்கள்.