டிஸ்சார்ஜ் புக்கில் விடுபட்ட பதக்கம்: எங்கே கேட்பது, எப்படிக் கேட்பது

பெங்களூரில் அல்சூர் ஏரியைச் சுற்றி நடக்கிறவர்களுக்கு, ராணுவப் பொறியாளர் படையான எம்.ஈ.ஜி.யின் (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) சென்டர் மதில் பழகிய காட்சி. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றும், அன்பாகத் ‘தம்பிகள்’ என்றும் ராணுவம் முழுக்க அறியப்பட்ட அந்தப் படைப்பிரிவு 1780-இல் தொடங்கியது. அதிலும் இங்கேயே சென்டர் வைத்திருக்கும் வேறு பிரிவுகளிலும் வேலை பார்த்து, ஓய்வுக்குப் பின் ஊர் திரும்பாமல் முர்பி டவுன், அல்சூர், காக்ஸ் டவுன் என்று பெங்களூரிலேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அந்த வீடுகளில் கட்டாயம் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதன் அடியில், துணியில் சுற்றிய டிஸ்சார்ஜ் புக், அதாவது ஓய்வின்போது ராணுவம் தரும் பணிப் பதிவுப் புத்தகம், இருக்கும்.

எங்கள் பெரியப்பாவின் புத்தகத்தை நான் முதலில் பிரித்துப் பார்த்தபோது பதக்கங்களுக்கான பத்தியில் இரண்டே பெயர்கள்தான் இருந்தன: சைன்ய சேவா மெடல், 9 ஆண்டு நீண்ட சேவை மெடல். அவர் 1966 முதல் 1984 வரை பணியில் இருந்தவர். 1971 போரில் கிழக்கு முனையில் பாலம் போடும் வேலையில் இருந்தவர். 1974-இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில் அவர் நெஞ்சில் நான்கு ரிப்பன்கள் தெரிகின்றன. புத்தகத்தில் இரண்டு, நெஞ்சில் நான்கு. “அது அப்பவே கொடுத்திருக்கணும்டா, கேட்டா தப்பா நினைப்பாங்கன்னு விட்டுட்டேன்” என்றார். கேட்பதில் தப்பே இல்லை. தன் ஆவணம் சரியாக இருக்க வேண்டும் என்று கேட்பது ஒரு படைவீரரின் உரிமை. அதைக் கேட்க வழியும் இருக்கிறது.

‘பதக்கம் வரவில்லை’ என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் மூன்று வேறு நிலைமைகள் அடங்கியிருக்கின்றன. தகுதி இருந்தும் ஆவணத்தில் பதிவே ஆகாமல் போனது ஒன்று. பதிவு ஆகி, உலோகப் பதக்கம் மட்டும் கைக்கு வராதது இன்னொன்று. வந்த பதக்கம் வீடு மாறும்போதோ வெள்ளத்திலோ தொலைந்தது மூன்றாவது. முதலாவதற்குத் தேவை ஆவணத் திருத்தம். இரண்டாவதற்கு, பதிவைக் காட்டி வழங்கல் கோரிக்கை. மூன்றாவதற்கு, மாற்றுப் பதக்கம் கேட்கும் விண்ணப்பம். எது என்று தெரியாமல் எழுதும் கடிதம் மேஜை மேஜையாகச் சுற்றும். நாங்களும் முதலில் ‘நிலுவையில் உள்ள எல்லாப் பதக்கங்களையும் அனுப்பவும்’ என்றுதான் எழுதினோம். எந்தப் பதக்கம், எந்தக் காலம், எந்த யூனிட் என்று கேட்டுப் பதில் வந்தது. நியாயமான கேள்விதான்.

பதிவு ஏன் விடுபடுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் கடிதம் தன்னால் சரியாக அமையும். ராணுவத்தில் ஒரு ஜவானின் வாழ்க்கையில் நடக்கும் ஒவ்வொன்றும், கல்யாணம், குழந்தை, பதவி உயர்வு, பதக்கம் எல்லாமே, அவருடைய யூனிட் வெளியிடும் பார்ட் டூ ஆர்டர் என்ற உத்தரவு வழியாகத்தான், அவர் பிரிவின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்குப் போகிறது. அங்கே ஷீட் ரோல் என்ற அவருடைய பணிப் பதிவேட்டில் ஏறுகிறது. ஓய்வு பெறும்போது கையில் தரும் டிஸ்சார்ஜ் புக் அதிலிருந்து எழுதப்படுவது. ஆக, பார்ட் டூ ஆர்டர் வராவிட்டால் ஷீட் ரோலில் இல்லை. ஷீட் ரோலில் இல்லாவிட்டால் புத்தகத்திலும் இல்லை. சாப்பர் (பொறியாளர்), சிக்னல் (தகவல் தொடர்பு), ஏ.எஸ்.சி. (வழங்கல்) போன்ற பிரிவுகளில் ஒரு சிறு குழுவை வேறு யூனிட்டோடு இணைத்து அனுப்புவது வழக்கம். இணைத்த யூனிட் நம் ஆள் என்று எழுதாது, தாய் யூனிட் அவர் இங்கே இல்லையே என்று விட்டுவிடும். இன்னொன்று, ஒரு போருக்கான பதக்க விதிமுறை போர் நடக்கும்போதே வருவதில்லை. அறிவிப்பும் தகுதி உத்தரவும் பிறகு வரும்போது ஆள் வேறு இடத்துக்கு மாறியிருப்பார், அல்லது ஊருக்கே போயிருப்பார்.

முதல் வேலையாக டிஸ்சார்ஜ் புக்கில் உள்ள சேர்ந்த தேதியையும் விலகிய தேதியையும் பாருங்கள். சில பதக்கங்களுக்குத் தேதியே போதும். 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்கு சுதந்திர 25-ஆம் ஆண்டு மெடல். 1997 ஆகஸ்ட் 15-இல் இருந்தவர்களுக்கு 50-ஆம் ஆண்டு மெடல். 2022-இல் இருந்தவர்களுக்கு 75-ஆம் ஆண்டு மெடல். 9, 20, 30 ஆண்டு நீண்ட சேவை மெடல்களும் கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். பெரியப்பாவின் புத்தகத்தில் 25-ஆம் ஆண்டு மெடல் இல்லை என்பதை இப்படித்தான் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தோம். அவருக்கே அது நினைவில் இல்லை.

இடத்தையும் காலத்தையும் பொறுத்த பதக்கங்களுக்குக் கொஞ்சம் உழைப்பு வேண்டும். 1965-க்கு சமர் சேவா ஸ்டார், ரக்ஷா மெடல். 1971-க்கு கிழக்கில் பூர்வி ஸ்டார், மேற்கில் பஸ்சிமி ஸ்டார், பரவலாக சங்க்ராம் மெடல். கார்கிலுக்கு ஆபரேஷன் விஜய் ஸ்டார், ஆபரேஷன் விஜய் மெடல். அதற்குப் பின் ஆபரேஷன் பராக்ரம் மெடல். இவை தவிர சியாச்சின் மெடல், உயரமான பகுதிகளுக்கான மெடல், வெளிநாட்டுப் பணிக்கான விதேஷ் சேவா மெடல். இவற்றுக்கு, குறிப்பிட்ட பகுதியில் குறிப்பிட்ட காலத்தில் இருந்ததைக் காட்ட வேண்டும்.

ஆதாரம் எங்கே கிடைக்கும் என்று கேட்டால், அதே தகரப் பெட்டியைத்தான் சொல்வேன். பெரியம்மா பத்திரப்படுத்திய இன்லண்டு கடிதங்களில் ‘99 ஏ.பி.ஓ.’ என்று முகவரி இருந்தது. ராணுவத் தபாலில் 99 என்றால் கிழக்கு, 56 என்றால் வடக்கும் மேற்கும். கடிதத்தில் தேதியும் யூனிட்டின் பெயரும் இருந்தன. இது மட்டுமே முடிவான சான்று ஆகிவிடாது. ஆனால் ‘இந்த மாதத்தில் இந்த யூனிட்டோடு கிழக்கில் இருந்தேன், உங்கள் பதிவில் சரிபாருங்கள்’ என்று திட்டவட்டமாக எழுத இது உதவியது. யூனிட் குரூப் போட்டோ, மூவ்மென்ட் ஆர்டர், மருத்துவமனைச் சீட்டு, கூட இருந்தவரின் டிஸ்சார்ஜ் புக்கில் அதே காலத்துக்கு ஏறியிருக்கும் பதக்கம், எல்லாமே உதவும். ஒரே குழுவில் இருந்த இருவரில் ஒருவருக்குப் பதிவாகி மற்றவருக்கு விடுபட்டிருந்தால் அதைவிட நல்ல வாதம் கிடையாது. பழைய நண்பர்களைத் தேடிப் பேசுங்கள். அவர்களுக்கும் சந்தோஷமாக இருக்கும்.

பதக்கம் கையில் இருந்தால் அதன் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். அரசு வழங்கிய பதக்கத்தில் ஆர்மி நம்பர், பதவி, பெயர் மூன்றும் பொறிக்கப்பட்டிருக்கும். கன்டோன்மென்ட் கடைகளில் வாங்கிய பிரதியில் அது இருக்காது. பெயர் பொறித்த பதக்கம் இருந்தும் ஆவணத்தில் பதிவு இல்லை என்றால், அந்த விளிம்பின் படமே பலமான சான்று.

சரி, யாருக்கு எழுதுவது? ஜவான்களுக்கும் ஜே.சி.ஓ.க்களுக்கும் (சுபேதார் போன்ற இளநிலை அதிகாரிகள்) அவரவர் பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸ். பெங்களூரில் குடியிருப்பதால் இங்கேதான் என்று நினைக்க வேண்டாம். எம்.ஈ.ஜி., பாராசூட் ரெஜிமென்ட், ராணுவ போலீஸ் பிரிவுகளுக்கு இங்கே. மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரி வெலிங்டன். சிக்னல்ஸ் ஜபல்பூர், பீரங்கிப் படை நாசிக் ரோடு, ஈ.எம்.ஈ. (மின், இயந்திரப் பொறியியல்) செகந்திராபாத், மருத்துவப் பிரிவு லக்னோ. கடற்படை மாலுமிகளுக்கு மும்பை மான்கூர்டில் உள்ள பீரோ ஆஃப் செய்லர்ஸ். விமானப்படை வீரர்களுக்கு டெல்லி சுப்ரதோ பார்க். ராணுவ அதிகாரிகளின் ஆவணங்கள் டெல்லியில் ராணுவத் தலைமையகத்தின் பொறுப்பில். ஓய்வுக்குப் பின் டி.எஸ்.சி. என்ற பாதுகாப்புக் காவல் படையில் மறுபடி சேர்ந்தவர்களுக்குக் கண்ணூரிலும் ஒரு ரெக்கார்ட் இருக்கும். இரண்டு இடத்திலும் கேளுங்கள். ஒன்றில் இருக்கும் பதிவு மற்றதில் இல்லாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஆர்மி நம்பரை அதோடு ஒட்டிய ஆங்கில எழுத்தையும் சேர்த்து எழுதுங்கள். பதவி, பெயர், யூனிட், சேர்ந்த தேதி, விலகிய தேதி, பி.பி.ஓ. (பென்ஷன் உத்தரவு) எண், இப்போதைய முகவரி. அப்புறம் நேரடியான மூன்று கேள்விகள்: என் ஷீட் ரோலில் எந்தெந்தப் பதக்கங்கள் பதிவாகியுள்ளன, எந்த பார்ட் டூ ஆர்டர் எண், தேதி; அவற்றில் எவை வழங்கப்பட்டன, எப்போது; கீழே சொல்லியிருக்கும் காலத்தில் இந்த இடத்தில் பணியாற்றியதால் இந்தப் பதக்கத்துக்குத் தகுதி உண்டா, உண்டென்றால் பதிவு செய்து புத்தகத்தில் ஏற்றித் தர முடியுமா. நகல்களை இணையுங்கள். அசல் டிஸ்சார்ஜ் புக்கை அவர்கள் எழுத்தில் கேட்டாலொழிய அனுப்பாதீர்கள். பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்டோடு இணைந்துவிட்டதால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைக் கடித நகலோடு குத்தி வையுங்கள்.

பெயர்ச் சிக்கலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழர்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். நம் பெயரில் இனிஷியல் முன்னால் வரும். ஆவணத்தில் அது அப்பா பெயராக விரிந்திருக்கும், அல்லது பெயருக்குப் பின்னால் போயிருக்கும், அல்லது காணாமலே போயிருக்கும். ஆறுமுகம் என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதுவார்கள். ஆதாரில் ஒன்று, வங்கியில் ஒன்று, ஷீட் ரோலில் ஒன்று. கடிதத்தில் எப்போதும் ஷீட் ரோலில் உள்ளபடியே எழுதுங்கள். மற்ற எழுத்துக்கூட்டல்கள் எல்லாம் ஒரே ஆளைக் குறிப்பவை என்று ஒரு பிரமாணப் பத்திரம் தயாராக வைத்திருங்கள்.

வீரர் காலமாகிவிட்டால் மனைவியோ, அவரும் இல்லை என்றால் பிள்ளைகளோ கேட்கலாம். இறப்புச் சான்றிதழும், ஆவணத்தில் வாரிசாகப் பதிந்திருப்பதற்கான சான்றும் வேண்டும். குடும்ப பென்ஷன் பி.பி.ஓ. இருந்தால் வேலை எளிது. பென்ஷன் இல்லாமல் விலகியவர்களின் குடும்பங்கள் இன்னும் சீக்கிரம் நகர வேண்டும். அவர்களுடைய ஷீட் ரோல் 25 ஆண்டுகளுக்குப் பிறகு விதிப்படி அழிக்கப்படும். அதற்குப் பின்னும் லாங் ரோல் என்ற பதிவேட்டில் அடிப்படை விவரங்கள் இருக்கும். ‘ஆவணம் அழிக்கப்பட்டுவிட்டது’ என்று பதில் வந்தால் லாங் ரோலின் சாற்றையாவது கேட்டு வாங்குங்கள்.

பதிலே வரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். திருப்தி இல்லை என்றால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ஆனால் ஆர்.டி.ஐ. ஆவணத்தைக் காட்டச் சொல்லுமே தவிர, திருத்தச் சொல்லாது. திருத்தம் வேண்டுமென்றால் மனுதான். மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளமான சிபிகிராம்ஸிலும் பாதுகாப்பு அமைச்சகத்துக்குப் புகார் ஏற்றலாம். மனு மறுக்கப்பட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். கர்நாடகத்தில் வசிப்பவர்களுக்கு அது கொச்சி அமர்வு, தமிழ்நாட்டில் வசிப்பவர்களுக்குச் சென்னை அமர்வு. இறுதிப் பதில் வந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும் என்பதால், மறுப்புக் கடிதத்தின் தேதியை அலட்சியம் செய்யாதீர்கள்.

பணம் வருமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சேவைப் பதக்கங்களுக்கு மாதப்படி கிடையாது. வீர விருதுகளுக்கு உண்டு. 2017 ஆகஸ்ட் 1 முதல் இரட்டிப்பாக்கப்பட்ட தொகை: பரம்வீர் சக்ராவுக்கு மாதம் 20,000 ரூபாய், அசோக் சக்ராவுக்கு 12,000, மகாவீர் சக்ராவுக்கு 10,000, கீர்த்தி சக்ராவுக்கு 9,000, வீர் சக்ராவுக்கு 7,000, சௌர்ய சக்ராவுக்கு 6,000, வீரச் செயலுக்கான சேனா மெடலுக்கு 2,000. கணவர் இறந்தபின் இது மனைவிக்குத் தொடரும். மறுமணம் செய்துகொண்டால் நிறுத்தும் பழைய நிபந்தனை 2017 நவம்பரில் நீக்கப்பட்டது. வீர விருதுகள் இந்திய அரசிதழில் வெளியாகும். ஆகவே விடுபட்டிருந்தால் அரசிதழ் நகலே முதல் சான்று. பதிவு சரியானதும் திருத்திய பி.பி.ஓ. வந்து, ஸ்பர்ஷ் என்ற ஆன்லைன் பென்ஷன் கணக்கில் படி தெரிகிறதா என்று பாருங்கள். மாநில அரசு தரும் பரிசுத் தொகை பொதுவாக ஆவணத்தில் சொந்த ஊர் எந்த மாநிலமோ அதைப் பொறுத்தது. பெங்களூரில் 40 ஆண்டு வாழ்ந்தாலும் ஆவணத்தில் வேலூர் என்றிருந்தால் முதலில் அந்த மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில்தான் விசாரிக்க வேண்டும். அங்கே அலைய முடியாதவர்கள் பெங்களூரில் உள்ள சைனிக் நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

சிபாரிசு போய் ஏற்கப்படாத வீர விருதை இந்த வழியில் வாங்க முடியாது. கொடுத்ததை எழுதாமல் விட்டால் அது திருத்தம். கொடுக்கவே முடிவாகாததைக் கேட்பது திருத்தம் ஆகாது. ‘எழுதி வாங்கித் தருகிறேன்’ என்று காசு கேட்கும் தரகர்களை வீட்டுக்குள் விடாதீர்கள். இந்த வேலைக்குத் தபால் செலவும், கொஞ்சம் ஜெராக்ஸ் செலவும்தான்.

பெரியப்பாவுக்கு மூன்று கேட்டோம். 25-ஆம் ஆண்டு மெடலும் சங்க்ராம் மெடலும் பதிவாகின. பூர்வி ஸ்டாருக்கு, இணைக்கப்பட்ட யூனிட்டின் பெயரோடு கூடுதல் சான்று கேட்டிருக்கிறார்கள். அந்தக் குழுவில் இருந்த இன்னொரு ஹவில்தார் கே.ஜி.எஃப்.பில் இருக்கிறார் என்று போன வாரம்தான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் பெரியப்பாவும் நானும் போகிறோம். அவருடைய டிஸ்சார்ஜ் புக்கின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வர வேண்டும்.