உதைக்கும் காலுக்கு முன் நீளும் கைகள்

2010 அக்டோபர் 2. மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம். கிரிக்கெட்டால் நமக்குப் பழகிய அதே எம்.சி.ஜி. தான். அன்று அங்கே நடந்தது, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி, கையிலிருந்து விட்டு உதைக்கும் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தின் இறுதிப் போட்டி, அதுவும் இரண்டாம் முறையாக. ஒரு வாரத்துக்கு முன் காலிங்வுட்டும் செயின்ட் கில்டாவும் 68–68 என்று சமநிலையில் முடித்ததால் மறுபடி மோத வேண்டியதாயிற்று. முதல் கால்பகுதியில் செயின்ட் கில்டா கேப்டன் நிக் ரீவோல்ட் கோல் கம்பங்களுக்கு மிக அருகில் பந்தோடு நிற்கிறார். எதிரே யாரும் இல்லை. காலை வீசினால் ஆறு புள்ளி. பின்னாலிருந்து ஓடி வந்த காலிங்வுட்டின் ஹீத் ஷா உடம்பையே எறிந்து, பந்து பாதத்தைத் தொடும் இடத்தில் கைகளைக் கொண்டுபோய் வைத்துவிட்டார். கோல் விழவில்லை. காலிங்வுட் அன்று 108–52 என்று வென்றது. அத்தனை பெரிய வெற்றியிலும் ரசிகர்கள் இன்றுவரை பேசுவது அந்த ஒரு தடுப்பைத்தான்.

உதைக்கப்படும் பந்தை இப்படி மறிப்பதற்கு ‘ஸ்மதர்’ என்று பெயர். வீரம் என்று சொல்லிக் கைதட்டிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அந்த வீரத்துக்குள் ஒரு கணக்கு இருக்கிறது.

பந்தை 50 மீட்டர் தூரம் உதைக்க, காற்றின் தடையை விட்டுவிட்டுப் பார்த்தாலும், அது வினாடிக்கு 22 மீட்டர் வேகத்தில் கிளம்ப வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டர். கண்ணால் ஒன்றைப் பார்த்து, கையை அசைக்கத் தொடங்கவே மனிதனுக்குச் சுமார் 0.2 வினாடி தேவை. அதற்குள் பந்து நாலு மீட்டருக்கு மேல் போய்விடும். ஆக, உதைப்பவரிடமிருந்து நாலு மீட்டருக்குள் நிற்பவர் பந்தைப் பார்த்துத் தடுக்கவே முடியாது. பந்து கையைவிட்டு நழுவி இறங்கும் விதம், இடுப்பின் திருப்பம், ஊன்றிய காலின் நிலை, இவற்றை வைத்துப் பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே தீர்மானித்துப் பாய்ந்தாக வேண்டும்.

சரி, தள்ளி நின்று கையை விரித்தால் என்ன? இங்கேதான் வடிவியல் குறுக்கிடுகிறது. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து வைத்தால் சுமார் 30 சென்டிமீட்டர் அகலம். பாதத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி அவற்றை நீட்டினால், பந்து போகக்கூடிய திசைகளில் ஒன்பது பாகைக்கும் குறைவாகத்தான் அடைக்க முடியும். அதே கைகளைப் பாதத்திலிருந்து 30 சென்டிமீட்டரில் வைத்தால் 53 பாகை அடைபடும். பந்தின் குறுக்களவு ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் என்பதால் விளிம்பில் உரசினாலும் திசை மாறிவிடும். ஆபத்துக்கு எவ்வளவு பக்கத்தில் போகிறாரோ, அவ்வளவுக்குத் தடுக்கும் வாய்ப்பு கூடுகிறது. நீண்ட உதையில் பாதம் வினாடிக்கு 20 மீட்டரைத் தாண்டும் வேகத்தில் வருகிறது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். கை இருக்க வேண்டிய இடம் அந்தப் பாதத்துக்கு நேர் முன்னால்.

இதற்கு உடம்பு சம்மதிக்காது. முகத்தை நோக்கி ஒரு பொருள் பெரிதாகிக்கொண்டே வந்தால் இமை மூடும், தலை திரும்பும், கைகள் முகத்துக்கு வரும். இதெல்லாம் யோசிப்பதற்கு முன்பே நடந்துவிடும் அனிச்சைச் செயல்கள். ஸ்மதர் செய்பவரோ கண்ணைத் திறந்தபடி கைகளை முகத்திலிருந்து விலக்கி முன்னே நீட்ட வேண்டும். பயிற்சியில் நூறு முறை பாய்ந்து பழகுவது இந்த அனிச்சையை அடக்கத்தான்.

உயரப் பந்தில் கதை வேறு. குறைந்தது 15 மீட்டர் உதைத்து வரும் பந்தைத் தரையில் படுமுன் பிடித்தால் அது ‘மார்க்’. பிடித்தவரை யாரும் தொடக் கூடாது, நிதானமாக உதைக்கலாம். எனவே தற்காப்பு வீரர் பின்னாலிருந்து எழும்பி முஷ்டியால் பந்தைக் குத்தித் தள்ளுவார். இது ‘ஸ்பாயில்’. பிடிப்பவருக்கு இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் சரியாகச் சேர வேண்டும். குத்துபவருக்கு ஒரு கை போதும். ஒற்றைக் கையைத் தூக்கும்போது தோளும் சாய்ந்து உயர்வதால் எட்டும் உயரமும் சற்றுக் கூடும். சில சென்டிமீட்டர்தான், ஆனால் ஆட்டம் பல நேரம் அந்தச் சென்டிமீட்டர்களில்தான் நடக்கிறது.

எனக்கு நெஞ்சு அடைப்பது, பந்தின் போக்கிலேயே அண்ணாந்து பார்த்தபடி ஓடும் வீரரைப் பார்க்கும்போதுதான். பார்வை முழுவதும் வானத்தில். எதிரிலிருந்து அதே பந்துக்காக ஒருவர் வருவது அவருக்குத் தெரியாது. ஆளுக்கு வினாடிக்கு ஏழு மீட்டர் ஓடினால் மோதும் வேகம் 14 மீட்டர், மணிக்கு 50 கிலோமீட்டர். அடி வரப்போவது தெரிந்தால் கழுத்துத் தசைகள் இறுகும். தலை உடம்போடு சேர்ந்து ஒரே கட்டாக அசையும். தெரியாமல் வாங்கும் அடியில் தலை தனியாகச் சுழலும். மூளையைக் காயப்படுத்துவது பெரும்பாலும் அந்தச் சுழற்சிதான்.

இதைச் சொல்லாமல் வீரத்தைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. செயின்ட் கில்டாவின் தற்காப்பு வீரர் டேனி ஃப்ராலி 2019-இல் இறந்த பிறகு அவருடைய மூளையைப் பரிசோதித்தார்கள். திரும்பத் திரும்பத் தலையில் அடி வாங்குவதோடு தொடர்புடைய சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு நோய் அதில் தெரிந்தது. இன்று ஏ.எஃப்.எல். என்ற இந்த விளையாட்டின் உச்ச லீக் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி உறுதியானால், குறைந்தது 12 நாள் கழித்தே மீண்டும் களமிறங்கலாம். ஒரு காலத்தில் தள்ளாடியபடி ஆட்டத்தைத் தொடர்ந்தவரைத்தான் வீரர் என்றார்கள். அந்தப் பாராட்டு தவறான இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது என்றே நினைக்கிறேன்.

சரியான இடம் எது என்று கண்டுபிடிப்பதும் எளிதல்ல. ஆட்டப் புள்ளிவிவரத்தில் ஸ்பாயில், ஸ்மதர், கூட்டாளிக்கு வழிவிட எதிராளியை மறிக்கும் ஷெப்பர்ட் ஆகியவற்றை ‘ஒரு சதவீதச் செயல்கள்’ என்று ஒரே கட்டத்தில் எண்ணுகிறார்கள். எதிராளியைத் துரத்துவது, நெருங்கி அழுத்துவது போன்றவற்றுக்கும் இப்போது எடை கொடுத்துக் கணக்கிடுகிறார்கள். ஆனால் யாருமில்லாத இடத்தில் குத்திய ஸ்பாயிலும், மூன்று பேர் மோதலுக்கு நடுவே குத்திய ஸ்பாயிலும் எண்ணிக்கையில் ஒன்றுதான். ஆண்டின் சிறந்த வீரருக்கு நடுவர்கள் வாக்களித்துத் தரும் பிரவுன்லோ பதக்கம் 1924 முதல் தரப்படுகிறது. தற்காப்பு வீரர் ஒருவர் அதை வென்றது கடைசியாக 1993-இல், எசன்டனின் கேவின் வாங்கனீன். பந்து அதிகம் படுபவர்தான் கண்ணிலும் படுகிறார்.

ஆகவேதான் ராபர்ட் ரோஸ் விருதை நான் பெரிதாக மதிக்கிறேன். காலிங்வுட்டின் பழைய நட்சத்திரம் பாப் ரோஸின் பெயரில், அந்த ஆண்டின் மிகத் துணிச்சலான வீரருக்கு வழங்குவது. வாக்களிப்பவர்கள் சக வீரர்களே. நார்த் மெல்பர்ன் தற்காப்பு வீரர் கிளென் ஆர்ச்சர் இதைப் பலமுறை வென்றார். எதிரே ஓடி வந்தவர் ஒதுங்கினாரா, ஒதுங்காமல் வந்தாரா என்பது மோதிய உடம்புக்குத் தெரியும்.

2005 இறுதிப் போட்டியின் கடைசி நொடிகளைத் தேடிப் பாருங்கள். சிட்னி நாலே புள்ளி முன்னிலை. வெஸ்ட் கோஸ்டின் டீன் காக்ஸ் கோலை நோக்கி உயர உதைக்கிறார். கீழே ஒரு கூட்டமே காத்து நிற்கிறது. சிட்னி தற்காப்பு வீரர் லியோ பேரி பக்கவாட்டிலிருந்து ஓடி வந்து அந்தக் கூட்டத்தின் மேல் பாய்கிறார். குத்தித் தள்ளவில்லை, பிடித்தே விடுகிறார். சிட்னிக்கு 72 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பை. முதல்முறை பந்தைப் பாருங்கள். இரண்டாம் முறை பந்தை விட்டுவிட்டு, பேரி தரையை விட்டு எழும் அந்தக் கணத்தில் அவருடைய கண்கள் எங்கே இருக்கின்றன என்று மட்டும் பாருங்கள்.