பேட்டரி புதுசு, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை

"காலையில் முதல் சாவியிலேயே எடுக்கிறது. பத்தரை மணிக்கு டீ குடித்துவிட்டு வந்து திருப்பினால் 'டக்'கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நாலைந்து தடவை திருப்பினால் எதுவுமே நடக்காத மாதிரி எடுத்துவிடுகிறது. பேட்டரி புதுசு. ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது. ஏன்?" பொக்லைன் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வண்டியின் முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டிப் பார்த்துவிட்டாராம். அந்தப் பழத்தைப் பிழிந்து கறுத்துப்போன செம்பு முனைகளைத் தேய்த்திருந்தால்கூடக் கொஞ்சம் பலன் இருந்திருக்கும்.

சாவியைத் திருப்பினால் சின்ன மின்னோட்டம் நியூட்ரல் சுவிட்ச் (கியர் நியூட்ரலில் இருந்தால் மட்டும் வழிவிடுவது), ரிலே (சின்ன மின்சுவிட்ச்) வழியாக செல்ஃபின் மின்காந்த சுவிட்சான சோலனாய்டுக்குப் போகிறது. அது பிளஞ்சர் என்ற இரும்புத் தண்டை இழுத்து, பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்குப் பெரிய மின்னோட்டத்தைத் திறந்துவிடுகிறது. சத்தமே இல்லை என்றால் நியூட்ரல் சுவிட்சையும் ரிலேயையும் பாருங்கள். 'டக்டக்டக்' என்று அடித்தால் பெரும்பாலும் பேட்டரி, இல்லாவிட்டால் அதன் கிளாம்ப். செல்ஃப் பக்கமிருந்து கனமாக ஒரே ஒரு 'டக்' வருகிறதென்றால் சோலனாய்டு பிளஞ்சரை இழுத்துவிட்டது, சிக்கல் அதற்கு அப்புறம்தான்.

எனக்குப் பிடித்த இடம் இதுதான். சோலனாய்டுக்குள் நாணயம் போல ஒரு செம்பு வட்டு இருக்கிறது. பிளஞ்சர் நகரும்போது அது இரண்டு செம்பு முனைகள்மேல் போய் உட்கார்ந்து பாலம் போடுகிறது. கண்ணுக்குத் தட்டையாகத் தெரிந்தாலும் நுண்ணோக்கியில் பார்த்தால் அது ஒரு மலைத்தொடரின்மேல் இன்னொரு மலைத்தொடரைக் கவிழ்த்து வைத்தது போலத்தான் இருக்கும். சிகரங்கள் மட்டும்தான் தொடுகின்றன, மின்னோட்டம் முழுவதும் அந்தச் சில புள்ளிகள் வழியாக நெருக்கியடித்துக்கொண்டு போக வேண்டும். ராக்னர் ஹோல்ம் என்ற இயற்பியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இதைத்தான். இன்றைக்கு யாராவது இதற்கு நிதி கேட்டால் ஏஐ சேர்த்து எழுதி வா என்பார்கள்.

ஒவ்வொரு முறை வட்டு விலகும்போதும் தீப்பொறி பறந்து செம்பில் குழி விழுகிறது, கரி படிகிறது. அந்த இடத்தில் 0.01 ஓம் கூடிவிட்டது என்று வையுங்கள். ஹெட்லைட் மாதிரி 5 ஆம்பியர் இழுக்கும் ஒன்றுக்கு இழப்பு வெறும் 0.05 வோல்ட், தெரியவே தெரியாது. டீசல் எஞ்சினைச் சுற்றும் செல்ஃப் பல நூறு ஆம்பியர் இழுக்கும். 400 என்று கணக்குப் போட்டால் (எதிர்ப்பு கூடினால் ஆம்பியரும் குறையும்தான், இருக்கட்டும்) 12 வோல்ட்டில் 4 வோல்ட் அந்தக் குழியிலேயே போய்விடும். ஹெட்லைட்டை நம்பி பேட்டரி மாற்றுபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

சரி, ஏன் சில சமயம் மட்டும்? பல மாடல்களில் அந்த வட்டு தன் தண்டில் இறுக்கமில்லாமல் இருப்பதால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றும். குழி விழுந்த பக்கம் முனைக்கு நேராக வந்தால் 'டக்' மட்டும்தான், நல்ல பக்கம் வந்தால் எடுத்துவிடும். மெக்கானிக் ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டியதும் எடுப்பதற்கும் பல நேரம் இதுதான் காரணம், கைராசி இல்லை.

டீ நேரத்துக்கும் பங்கு உண்டு. எஞ்சினை நிறுத்தியதும் ஃபேனும் தண்ணீர் ஓட்டமும் நின்று, சூடு அருகில் இருக்கும் சோலனாய்டுக்குள் இறங்குகிறது. செம்பின் எதிர்ப்பு ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும். சோலனாய்டின் செம்புக் கம்பிச்சுருள் 30 டிகிரியிலிருந்து 100க்குப் போனால் கால் பங்குக்கு மேல். இழுவிசை குறைந்து, வட்டு அழுத்தமாக உட்காராமல் போகலாம்.

சோதிக்க, பக்கெட்டைத் தரையில் இறக்கி, பிரேக் போட்டு, நியூட்ரலில் வையுங்கள். மல்டிமீட்டரை சோலனாய்டின் இரண்டு பெரிய முனைகளுக்கு நடுவே வைத்து ஒருவர் பார்க்க, இன்னொருவர் சாவியைத் திருப்பட்டும். 12 காட்டிக்கொண்டிருந்தது 'டக்' விழுந்ததும் பூஜ்யத்துக்கு அருகில் வர வேண்டும். ஒன்றிரண்டு வோல்ட் தங்கினால் வட்டுதான். அது சரியாக இருந்தால் பேட்டரி மைனஸ் கம்பத்துக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே இதே மாதிரி அளந்து எர்த் ஒயரைப் பாருங்கள், அரை வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. வண்டி எடுக்காத நேரத்தில் அளந்தால்தான் பிடிபடும், காலையில் அளந்து பிரயோஜனமில்லை. ஸ்க்ரூடிரைவரால் முனைகளைச் சேர்க்கும் வேலை மட்டும் வேண்டாம். அது நியூட்ரல் சுவிட்சைத் தாண்டிவிடும், வண்டி கியரில் இருந்தால் ஆள் மேலேயே ஏறும்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு சோலனாய்டைத் திறந்து பாருங்கள். சில மாடல்களில் வட்டைத் திருப்பிப் போடலாம், மறுபக்கம் புதுசாக இருக்கும்.