மீள்திறன்: தாங்குவது வேறு, மீள்வது வேறு

'ரெசிலியன்ஸ்' (அடி விழுந்தாலும் தேறி வரும் திறன்) என்ற சொல் இப்போது பெற்றோர் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழுகிறது. தமிழில் தாங்குதிறன், சகிப்புத்தன்மை, மனஉறுதி என்று ஆளுக்கொன்று எழுதுகிறார்கள். என் வாக்கு மீள்திறனுக்கு, அதிலும் அப்பா-பிள்ளை உறவைப் பேசும்போது.

லத்தீனில் 'சலிரே' என்றால் துள்ளுதல். முன்னால் 'ரெ' சேர்ந்தால் துள்ளித் திரும்புதல். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் பேக்கன் எதிரொலியைப் பற்றி எழுதும்போது இச்சொல்லை ஆண்டார். பிறகு வளைத்துவிட்டால் பழைய நிலைக்கு வரும் மரச்சட்டத்துக்கும் எஃகுக்கும் பொறியாளர்கள் வைத்துக்கொண்டார்கள். 1973இல் ஹோலிங் என்ற ஆய்வாளர் சூழலியலுக்குக் கொண்டுபோனார்.

பிள்ளைகள் பக்கம் இச்சொல் வந்ததில் உளவியலாளர் எம்மி வெர்னருக்குப் பெரிய பங்குண்டு. ஹவாயின் காவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை அவர் குழு பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடி எனப் பல சுமைகளோடு வளர்ந்தவர்களில் மூன்றில் ஒருவர் நன்றாகவே தேறி வந்தார். அவர்களுக்கு நம்பி ஒட்டிக்கொள்ள ஒரு பெரியவராவது இருந்திருக்கிறார். அது அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பாட்டியோ ஆசிரியரோ போதும்.

சரி, அப்பா எங்கே வருகிறார்? ஜெர்மனியில் உளவியலாளர்களான கிராஸ்மன் தம்பதியர் 44 குடும்பங்களைப் பிள்ளைகளின் 16 வயதுவரை கவனித்தார்கள். இரண்டு வயதில் அப்பா எவ்வளவு பதமாகச் சவால் கொடுத்து விளையாடினார் என்பது, 16 வயதில் அந்தப் பிள்ளைகள் நெருங்கிய உறவுகளை எப்படிப் பார்த்தார்கள் என்பதோடு பொருந்தி வந்தது. கனடாவின் ஆய்வாளர் பக்கெட் இதையே வேறு விதமாகச் சொல்கிறார்: அப்பா பிள்ளையை வெளியுலகத்தின் பக்கம் தள்ளுகிறார், கூடவே எல்லையும் போடுகிறார்.

கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. இடுப்பில் கயிறு, மேலே அப்பா. பிள்ளை ஒரு வாய் தண்ணீர் குடித்ததும் இழுத்துவிட்டால் நீச்சல் வராது. கயிறே இல்லாவிட்டால் பிள்ளை இறங்காது. விடலைப் பருவத்திலும் அந்தக் கயிறு வேண்டும், பிடி மட்டும் இன்னும் தளர்வாக. ('விடலை' சங்கப் பாட்டில் வீரமுள்ள இளைஞன், இன்று 'விடலைப் பையன்' என்றால் பாதி திட்டு.)

இனி தமிழுக்கு வருவோம். 'இடுக்கண் அழியாமை' என்று குறளில் ஓர் அதிகாரமே இருக்கிறது. அழகான தொடர்தான். ஆனால் அது துன்பம் வந்த நேரத்தில் குலையாமல் நிற்பதைச் சொல்கிறது. தாங்குதிறனும் அப்படியே: சுமை ஏறும்போது தூண் முறியவில்லை, அவ்வளவுதான். சகிப்புத்தன்மை என்பதில் இன்னும் தலைகுனிவு கலந்திருக்கிறது. 'மீள்' என்ற வினையில் திரும்பி வருதல் இருக்கிறது. நோயிலிருந்து மீண்டான், கடனிலிருந்து மீண்டான் என்கிறோம். பள்ளி இயற்பியலில் வரும் 'மீட்சி'யும் இந்த வேர்தான்.

மீள்வதற்கு ஓர் இடம் வேண்டும். இதனால்தான் அப்பாவின் உறவைப் பேசும்போது எனக்கு இந்தச் சொல் பிடிக்கிறது. அரையாண்டுத் தேர்வில் கணக்கில் போன பையன், அப்பா தூங்கும்வரை தெருமுனையில் நிற்கிறான். அவனிடம் தாங்குதிறன் நிறையவே இருக்கிறது. நம் வீடுகளில் அப்பாக்கள் 'பொறுத்துக்கோ' என்று பழக்கியது அதைத்தான். 'வா, சாப்பிடு, அப்புறம் பேப்பரைப் பார்ப்போம்' என்பவர் பழக்குவது வேறு.

'மீண்டெழும் தன்மை' என்று எழுதினாலும் தவறில்லை, கொஞ்சம் நீளம். 'நெகிழ்திறன்' மட்டும் வேண்டாம். அது வளைவதைச் சொல்கிறது, திரும்புவதைச் சொல்வதில்லை. பேச்சில் இந்தக் கலைச்சொல்லே தேவையில்லை: 'விழுந்தாலும் எழுந்து வந்துருவான்.'