காலையில் 8, மத்தியானம் 16

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஒரு டியூஷன் சென்டர் கணினி. உள்ளே 8 ஜிபி ராம் (நினைவக) அட்டை இரண்டு. காலையில் போட்டால் 8 காட்டும். மத்தியானம் அணைத்துப் போட்டால் 16. "ராம் போச்சுண்ணே, புதுசு வாங்கிடுங்க" என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள். கொஞ்சம் பொறுங்கள். சிப் கெட்டுப்போன ராம் பெரும்பாலும் கணினியை உறைய வைக்கும், இல்லை அடியோடு காணாமல் போகும். இப்படிக் கண்ணாமூச்சி ஆடுவது குறைவு.

கணினி ராமை இரண்டு கட்டமாகக் கண்டுபிடிக்கிறது. ஒவ்வொரு ராம் அட்டையிலும் எஸ்பிடி என்ற குட்டி சிப் ஒன்று உண்டு. டிடிஆர்4 என்ற நான்காம் தலைமுறை அட்டையில் அது 512 பைட்தான் பிடிக்கும். அட்டை எத்தனை ஜிபி, என்ன வேகம் என்ற விவரம் அதில் இருக்கும். கணினியைக் கிளப்பிவிடும் பயாஸ் என்ற நிரல் முதலில் அதைப் படிக்கிறது. அப்புறம்தான் கஷ்டமான வேலை: பிராசஸர் சோதனைத் தகவலை எழுதி, திரும்பப் படித்து, ஒவ்வொரு கம்பியின் நேரத்தையும் சரிசெய்கிறது. டிடிஆர்4-3200 வேகத்தில் ஒரு பிட்டுக்குக் கிடைப்பது சுமார் 312 பிக்கோசெகண்ட். அந்த நேரத்தில் ஒளியே பத்து சென்டிமீட்டர் தாண்டாது.

அட்டையின் 288 தொடுமுனைகளில் எஸ்பிடிக்கு வேண்டியவை சிலவே. அதனால் திரையில் வருவதே ஒரு துப்பு. மொத்தமே 8 என்று காட்டினால் அந்த அட்டை முதல் கட்டத்திலேயே கண்ணில் படவில்லை. '16, பயன்படுத்தக்கூடியது 7.9' என்றால் விவரம் படிக்க முடிந்தது, தகவல் கம்பிகளில்தான் கோளாறு என்று சந்தேகிக்கலாம். விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் என்ற அமைப்புப் பலகையில் யாராவது மெமரி வரம்பு வைத்திருந்தாலும் இப்படி வரும். அதை முதலில் பாருங்கள். 15.8 என்று வருவது கோளாறே இல்லை, மீதியை கிராஃபிக்ஸ் எடுத்துக்கொள்கிறது.

சரி, ஏன் விட்டுவிட்டு வருகிறது? தொடுமுனையில் பூசிய தங்கம் ஒரு மைக்ரோமீட்டர் கனம்கூட இருக்காது. தங்கம் துருப்பிடிக்காது, ஆனால் கீறல் விழுந்த இடத்தில் அடியிலுள்ள நிக்கலும் செம்பும் கடல் காற்றின் ஈரத்துக்கு அகப்படும். பகலெல்லாம் ஏர்கோன், இரவில் புழுக்கம். பிளாஸ்டிக் ஸ்லாட்டும் அட்டையும் ஒரே அளவில் விரிவதில்லை, மயிரிழை நகர்ந்துகொண்டே இருக்கும். உள்ளே சூடேறினதும் விட்டுப்போன தொடுகை ஒட்டிக்கொள்ளும். மத்தியானம் 16 வருவது அப்படித்தான்.

பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தி, ராமைக் கழற்றி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பல கடைகளில் ரப்பரால் தேய்ப்பார்கள். வேலை செய்யும்தான், ஆனால் தங்கத்தையும் சேர்த்துத் தேய்த்துவிடும். எனக்கு அதில் சம்மதமில்லை. காய்ந்ததும் இரண்டு பக்கமும் 'டக்' என்று பிடிக்கும்வரை அழுத்துங்கள். முக்கால்வாசி இதிலேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லையா? பயாஸில், ராமை வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டும் எக்ஸ்எம்பியையும், பழைய அளவீட்டை வைத்தே ஓட்டும் ஃபாஸ்ட் பூட்டையும் அணைத்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு அட்டை, ஒரு ஸ்லாட் என்று மாற்றிப் பாருங்கள். கோளாறு அட்டையோடு போனால் அட்டை. ஸ்லாட்டிலேயே தங்கினால் உடனே மதர்போர்டைக் குறை சொல்லாதீர்கள். ராமோடு பேசும் மெமரி கன்ட்ரோலரை ஏஎம்டி 2003-லும் இன்டெல் 2008-லும் பிராசஸருக்குள்ளேயே கொண்டுபோய்விட்டன. பிராசஸர் உட்காரும் சாக்கெட்டில் ஒரு பின் வளைந்தாலும் ஒரு சேனல் (ராமுக்குப் போகும் பாதை) முழுக்கக் காணாமல் போகலாம். பினாங்கின் பாயான் லெப்பாஸ் சிப் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மாமாவோ சித்தப்பாவோ இருந்தால், பூதக்கண்ணாடியோடு அவரைக் கூப்பிடுங்கள். ஆனால் அதற்கும் முன்னால் பிராசஸர் மேலிருக்கும் கூலரின் நான்கு திருகையும் தளர்த்தி, குறுக்கும் மறுக்குமாகச் சமமாக இறுக்கிப் பாருங்கள். ஒரு மூலையில் மட்டும் அழுத்தம் கூடினாலும் இதே கோளாறுதான்.