‘ஆதார் குடுத்தாச்சுல்லா’ என்றால் போதாது: பீடிக் குடும்பத்துப் பிள்ளைகளின் உதவித்தொகை எங்கே நின்றுபோகிறது?

பிள்ளை பொறியியல் படிக்கிறாள். அம்மா ஆலங்குளம் பக்கத்தில் பீடி சுற்றுகிறார். விண்ணப்பத்தில் குறையில்லை, கல்லூரி சரிபார்த்துவிட்டது, தொழிலாளர் நல அலுவலகமும் ஒப்புதல் கொடுத்துவிட்டது. பணம் மட்டும் வரவில்லை. ஆதாரோடு வங்கிக் கணக்கு இணையவில்லை என்று திரை சொல்கிறது. அம்மா சொல்வதோ, “பேங்க்ல ஆதார் குடுத்தாச்சுல்லா தம்பி!” இப்படி நின்றுபோகும் விண்ணப்பங்களை எண்ணுவதையே விட்டாயிற்று. இந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் திட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பீடித் தொழிலாளர்கள், திரைப்படத் தொழிலாளர்கள், சுண்ணாம்புக்கல் போன்ற சில சுரங்கங்களில் வேலை செய்பவர்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் கல்வி உதவித்தொகை தருகிறது. ஆண்டுக்கு, 1 முதல் 4-ஆம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கு 1,000 ரூபாய், 5 முதல் 8 வரை 1,500, 9, 10-க்கு 2,000, பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு 3,000. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், பட்டப்படிப்புக்கு 6,000. பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு 25,000. விண்ணப்பிப்பது தேசிய கல்வி உதவித்தொகை இணையதளத்தில், அதாவது என்.எஸ்.பி.யில். கட்டணம் கிடையாது.

இது கம்பெனி கொடுக்கும் பணம் என்று நினைத்து, கணக்கப்பிள்ளையிடம் கேட்கத் தயங்குகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பீடி மீது பிடித்த செஸ் வரியில்தான் முன்பு இந்த நிதி திரண்டது. ஜி.எஸ்.டி. வந்த 2017-இல் அந்த செஸ் ஒழிந்தது, இப்போது மத்திய அரசின் பட்ஜெட்டிலிருந்து வருகிறது. கம்பெனியின் தயவு இதில் எதுவும் இல்லை. நீங்கள் அங்கே வேலை செய்கிறீர்கள் என்பதற்கான ஆதாரம் மட்டும்தான் அவர்களிடமிருந்து வேண்டும்.

இனி ஆதார் விஷயம். தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள்.

வங்கியில் ஆதார் நகல் கொடுப்பது ஒன்று. அரசுப் பணம் வந்து சேர ஆதாரைப் பதிவது வேறொன்று. முதலாவது, கணக்குக்காரர் நீங்கள்தான் என்று வங்கி உறுதி செய்துகொள்வது. அதைக் கணக்கு திறக்கும்போதே செய்துவிடுகிறார்கள். இரண்டாவதில், ‘இந்த ஆதார் எண்ணுக்கு வரும் அரசுப் பணம் எங்கள் வங்கிக்கு வரட்டும்’ என்று உங்கள் வங்கி என்.பி.சி.ஐ.யின், அதாவது வங்கிகளுக்கு இடையே பணம் மாற்றித் தரும் தேசிய நிறுவனத்தின், பட்டியலில் பதிய வேண்டும். இதற்குப் பெயர் சீடிங். அதற்குத் தனி ஒப்புதல் படிவம் உண்டு, நீங்கள் கேட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் நடக்கும். பாஸ்புக்கில் ஆதார் எண் அச்சாகியிருப்பதாலோ, வங்கியிலிருந்து ‘ஆதார் இணைக்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்திருப்பதாலோ இரண்டாவது வேலை முடிந்துவிட்டது என்று ஆகாது. உதவித்தொகை இப்போது கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை, மாணவரின் ஆதார் எண்ணைப் பார்த்துத்தான் வருகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓர் ஆதார் எண்ணுக்கு அந்தப் பட்டியலில் ஒரே ஒரு வங்கிதான் இருக்க முடியும். கடைசியாக எந்த வங்கி பதிந்ததோ அங்கேதான் பணம் போகும். பிள்ளை ஏதோ ஒரு சிம் வாங்கும்போதோ, செல்போன் செயலியிலோ கை தவறி ஒரு கணக்கு திறந்திருந்தால், பணம் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். ‘வரவே இல்லை’ என்று அழுதவர்களில் சிலருக்குப் பணம் வந்து மாதங்கள் ஆகியிருந்தன. அம்மாவின் கணக்கைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதும் வீண். மாணவரின் ஆதார், மாணவரின் பெயரில் கணக்கு, அந்தக் கணக்குக்கு சீடிங். இதுதான் வரிசை. வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றால் இரண்டு கணக்குகள்.

சரிபார்ப்பது எளிது. மை ஆதார் இணையதளத்தில் பிள்ளையின் ஆதார் எண்ணையும் ஓ.டி.பி.யையும் கொடுத்து உள்ளே போனால், வங்கி இணைப்பு நிலை என்று ஒரு பகுதி இருக்கும். வங்கியின் பெயர் சரியாகவும், நிலை ‘ஆக்டிவ்’ என்றும் இருந்தால் அதை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ‘இன்ஆக்டிவ்’ என்றாலோ வேறு வங்கியின் பெயர் இருந்தாலோ, உங்கள் கிளைக்குப் போய், “ஆதார் லிங்க் பண்ணணும்” என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் கவுன்ட்டரில் இருப்பவர் கணினியைப் பார்த்து, “ஏற்கெனவே லிங்க் ஆகியிருக்கு” என்று திருப்பி அனுப்பிவிடுவார். அவர் சொல்வதும் பொய்யில்லை, முதலாவது இணைப்பைச் சொல்கிறார். “என்.பி.சி.ஐ. சீடிங் படிவம் கொடுங்க, ஸ்காலர்ஷிப்புக்கு” என்று கேளுங்கள். சில நாள் கழித்து மறுபடி இணையத்தில் பாருங்கள். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும், பணம் திரும்பிப் போன பிறகு அல்ல.

அடுத்து பெயர். பீடி அட்டையில், அதாவது பீடித் தொழிலாளர் அடையாள அட்டையில் ‘அம்மா’, ஆதாரில் ‘அம்மாள்’, பள்ளிச் சான்றிதழில் வேறு இனிஷியல். கணினிக்கு மூன்றும் மூன்று பேர். அட்டையில் பிழை என்றால் பீடி ஆஸ்பத்திரியில், அதாவது தொழிலாளர் நல மருந்தகத்தில் கேளுங்கள். ஆதாரில் பிழை என்றால் ஆதார் மையம். ஜூன் மாதமே போங்கள். கடைசி வாரத்தில் எல்லோரும் ஒரே கதவைத் தட்டினால் யாருக்கும் திறக்காது.

இதைவிடச் சங்கடமான ஒன்று இருக்கிறது, யாரும் வெளியே பேசுவதில்லை. சுற்றுவது ஒருவர், கம்பெனி கொடுக்கும் பீடி பாஸ்புக்கில் பெயர் இன்னொருவர். மாமியார் பெயரிலும் பக்கத்து வீட்டு அக்கா பெயரிலும் இலையும் தூளும் வாங்கி, பல வருடங்கள் சுற்றுகிற பெண்கள் ஊருக்கு ஊர் உண்டு. கூலி கைக்கு வருகிறதே என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஆறு மாதமாவது தொழிலில் இருப்பதற்கான பதிவு உங்கள் பெயரில் இல்லையென்றால் உங்கள் பிள்ளைக்கு இந்த உதவித்தொகை இல்லை. பி.எஃப். போவதும் அடுத்தவருக்குத்தான். உங்கள் பெயரில் பாஸ்புக் கேளுங்கள். கம்பெனி இழுத்தடித்தால் சங்கத்தில் சொல்லுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

என்.எஸ்.பி.யில் ஒருமுறைப் பதிவு என்று வைத்திருக்கிறார்கள். முகத்தைக் காட்டி ஆதாரை உறுதி செய்தால் ஓர் எண் கிடைக்கும், படிப்பு முடியும்வரை அதே எண்தான். குறித்து வையுங்கள், ஆண்டுதோறும் புதிதாகப் பதிய முயன்று குழம்ப வேண்டாம். முகம் பொருந்தவில்லை என்று வந்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: ஐந்து வயதில் எடுத்த ஆதார், 15 வயதில் புதுப்பிக்கவே இல்லை. அந்தப் புதுப்பிப்பு 15 முதல் 17 வயதுக்குள் இலவசம். (முகத்தைப் பார்ப்பது ஒருவகையில் நல்லதுதான். இலையிலும் தூளிலும் தேய்ந்த விரல்களோடு ரேஷன் கடை இயந்திரத்தின் முன் நிற்கும் அம்மாக்களுக்குக் காரணம் தெரியும்.)

‘சமர்ப்பி’ என்ற பொத்தானை அழுத்தியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பது அடுத்த தவறு. பள்ளியோ கல்லூரியோ இணையத்தில் சரிபார்த்தால்தான் விண்ணப்பம் மேலே போகும். அதற்கென்று ஓர் ஆசிரியர் இருப்பார். அச்செடுத்த விண்ணப்பம், அம்மாவின் பீடி அட்டை நகல், தாசில்தாரின் வருமானச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், வங்கி பாஸ்புக் முதல் பக்கம் எல்லாவற்றையும் அவர் கையில் கொடுங்கள். வாரம் ஒருமுறை உள்ளே போய் நிலையைப் பாருங்கள். ‘டிஃபெக்டிவ்’ என்று வந்தால் அது நிராகரிப்பு அல்ல, திருத்தித் திருப்பி அனுப்பச் சொல்கிறார்கள். அதைப் பார்க்காமல் விட்டுத்தான் பலர் ஆண்டை இழக்கிறார்கள். ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கடைசி நாளன்று ஐம்பது விண்ணப்பங்களை ஒன்றாகத் திறக்காதீர்கள். பத்தாம் வகுப்பு வரையிலானவற்றுக்கு வழக்கமாகத் தேதி முதலில் முடியும்.

பிளஸ் டூவோடு நிற்கும் பிள்ளைகளை மறுபடி பீடித் தட்டின் முன் உட்கார வைக்காதீர்கள். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் விலையில்லா மிதிவண்டியும் தருகிறார்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் என்றால் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் ஐ.டி.ஐ.க்கும் உண்டு. அம்மாக்களுக்கு, வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களில் தையல் போன்ற குறுகிய காலப் பயிற்சிகள் உண்டு, சாப்பாடு உட்பட இலவசம். அந்த நாட்களின் பீடிக் கூலியை யாரும் ஈடுகட்ட மாட்டார்கள் என்பதும் உண்மை. அதைக் கணக்குப் போட்டுக்கொண்டே சேருங்கள். அரசுப் பயிற்சி என்று சொல்லி யாராவது முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாக, செல்போன் எண். விண்ணப்பத்தில் கொடுத்த எண்ணுக்குத்தான் ஓ.டி.பி. வரும். கம்ப்யூட்டர் சென்டர்க்காரர் எண்ணைக் கொடுக்காதீர்கள், அவர் அடுத்த ஆண்டு கடையை மூடிவிட்டிருப்பார். ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண் இன்னொருவருக்குப் போய்விடும். பிள்ளைக்குப் பணம் வந்து சேரும்வரை அந்த சிம்மை உயிரோடு வைத்திருங்கள்.